எந்த டூம் உண்மையான டூம்?

1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த டூம் என்ற கணினி விளையாட்டு, அகலவாக்கில் 320 பிக்சலும் உயரவாக்கில் 200 பிக்சலும் கொண்ட படத்தை வரைந்தது. மொத்தம் 64,000 பிக்சல். இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 4கே திரையில் 3840-க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம். பழைய படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் புதிய திரையில் கிட்டத்தட்ட 130 இடங்கள் காத்திருக்கின்றன. அவற்றை எதைக்கொண்டு நிரப்புவது என்பது மேலுக்குத் தொழில்நுட்பக் கேள்வி. ஆனால் எப்படி நிரப்பினாலும், டூம் என்பது எது, எதை மாற்றினால் அது டூமாக இருப்பது நின்றுபோகும் என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொன்னதாகிவிடுகிறது. மாறும் பொருளில் மாறாமல் நிற்பது எது என்ற மிகப் பழைய தத்துவ வழக்கு இது.

முதலில் படத்தின் கணக்கு. 320-க்கு 200 என்பது 16:10 வடிவம். அந்தக் காலத்து சிஆர்டி மானிட்டரோ 4:3. படம் திரை முழுவதும் நிரம்பும்படி இழுக்கப்பட்டதால் பிக்சல்கள் சதுரமாக இல்லை, அகலத்தைப்போல் 1.2 மடங்கு உயரமாக இருந்தன. ஓவியர்கள் அந்த நெட்டைப் பிக்சலைப் பார்த்துக்கொண்டேதான் வரைந்தார்கள். அதே படத்தை இன்று சதுரப் பிக்சல்களாகப் போட்டால் அரக்கர்கள் குள்ளமாகிறார்கள், திரையின் அடியில் தெரியும் வீரனின் முகம் சப்பையாகிறது. இதைச் சரிசெய்ய அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கலாம். 1600-க்கு 1200 வரும்; சுத்தமான 4:3. பழைய பிக்சல் ஒவ்வொன்றும் 30 புதிய பிக்சல்கள் கொண்ட, ஒரே அளவான கட்டமாகும். ஆனால் அந்தப் படம் 4கே திரையில் கால்வாசிப் பரப்பைக்கூட அடைக்காது. அடுத்த சுத்தமான பெருக்கம் 3200-க்கு 2400. திரையில் அவ்வளவு உயரம் கிடையாது. உயரத்தை முழுதாகப் பிடிக்க 2880-க்கு 2160 ஆக்கினால் அகலம் சரியாக 9 மடங்கு, உயரம் 10.8 மடங்கு. அப்போது ஐந்து வரிசைகளில் நான்கு 11 பிக்சல் தடிமனாகவும் ஒன்று 10 ஆகவும் விழும். கண்ணை உறுத்தும் அந்த வேறுபாட்டை மறைக்க ஓரங்களைச் சற்றே குழைக்க வேண்டும். குழைத்தால், டூமின் 256 நிறப் பட்டியலிலேயே இல்லாத நிறங்கள் வரிசைகளுக்கு நடுவே முளைக்கும். ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்காமல் பழைய படத்தைப் புதிய திரையில் ஏற்ற வழியில்லை.

இன்னொரு பாதை, படத்தைப் பெரிதாக்காமல் காட்சியையே புதிதாக வரைவது. டூமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் அதன் மூல நிரலை வெளியிட்டது. அன்றிலிருந்து உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தத்தம் பதிப்புகளைக் கட்டிவருகிறார்கள். ஜிஇசட்டூம் என்ற பதிப்பு 4கே-யின் ஒவ்வொரு பிக்சலையும் தானே கணக்கிட்டு வரைகிறது. பழைய ஆட்டத்தில் இல்லாத, தலையை மேலும் கீழும் திருப்பிப் பார்க்கும் வசதியைக்கூடத் தருகிறது. சாக்லேட் டூம் என்ற பதிப்பு நேர் எதிர்த் திசையில் போகிறது. மூல ஆட்டத்தில் ஒரே காட்சியில் தரையும் கூரையும் 128 துண்டுகளுக்கு மேல் போனால் நிரல் அப்படியே நின்றுவிடும். சாக்லேட் டூமும் அதே இடத்தில் வேண்டுமென்றே நின்றுவிடுகிறது. மூலத்தின் குறையையும் பேணுவது அதன் கொள்கை. இரண்டும் தம்மை டூம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.

கிரேக்கர் இந்த வழக்கைக் கப்பலை வைத்து நடத்தினார்கள். தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது அதே கப்பலா என்ற விவாதத்தை புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சுப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவர் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது தீசியஸுடையது? பழைய 486 கணினியையும் சிஆர்டி மானிட்டரையும் பாதுகாத்து அதில் டூம் ஆடும் சேகரிப்பாளர் ஹாப்ஸின் இரண்டாம் கப்பலில் இருக்கிறார். 4கே-யில் ஆடுபவர் இருப்பது முதல் கப்பலில். ஆனால் கப்பலின் உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். கப்பல் ஒன்றுதான், டூம் முதல் நாளிலிருந்தே பல்லாயிரம் பிரதிகளாக இருந்தது. அவற்றில் எது மூலம் என்று எவரும் கேட்டதில்லை.

இந்திய மரபில் இந்த விவாதம் இன்னும் நுட்பமாக நடந்திருக்கிறது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா? எதுவும் இல்லை. உறுப்புகள் கூடியிருக்கும்போது வழக்கத்தில் வைத்துக்கொண்ட பெயர்தான் தேர். இரவெல்லாம் எரியும் விளக்கையும் அவர் காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடரும் நடு யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல. ஒன்றைத் தொட்டு ஒன்றாக ஓடும் தொடர்ச்சி. திரையில் ஓடும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு கிடைப்பது அரிது. டூமின் படம் நொடிக்கு 35 முறை அழிந்து 35 முறை பிறக்கிறது. நேற்றுத் திரையில் இருந்த டூம் என்று சுட்டிக்காட்ட ஒரு பொருளும் மிச்சமில்லை.

நியாய மரபினர் இதை ஏற்பதில்லை. உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்ற ஒன்று உண்மையிலேயே உண்டு என்பது அவர்கள் கட்சி. பொருள் நிலைத்திருப்பதற்கு அவர்கள் காட்டும் சான்று பிரத்தியபிஞ்ஞை, அதாவது ‘அன்று கண்ட அதுதான் இது’ என்று எழும் அறிவு. முப்பது ஆண்டு கழித்துப் புதிய கணினியில் டூமைத் திறந்தவருக்கு முதல் அறையைக் கண்டதும், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எழுவது இந்த அறிவுதான். பௌத்தர் மறுமொழி கூர்மையானது: வெட்டியபின் வளர்ந்த முடியையும் நகத்தையும் பார்த்து அதே முடி, அதே நகம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒப்புமை இருந்தால் போதும், ‘அதுவே’ என்ற எண்ணம் வந்துவிடும். எனவே அந்த எண்ணத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது.

விளையாட்டு உலகில் பௌத்தரின் இந்த எச்சரிக்கைக்கு நல்ல சான்று உண்டு. பழைமை உணர்வு வேண்டும் என்பதற்காகப் பலர் டூமின் படத்தின்மேல் தடித்த கிடைக்கோடுகளைப் போடும் வடிகட்டியைச் சேர்க்கிறார்கள். அந்தக் கோடுகள் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடிய வீட்டு விளையாட்டுக் கருவிகளுக்கு உரியவை. கணினியின் விஜிஏ கார்டு 200 வரிசைகளை இரட்டித்து 400 வரிசைகளாக, நொடிக்கு 70 முறை மானிட்டருக்கு அனுப்பியது. வரிசைகளுக்கு இடையே அப்படித் தடித்த கறுப்பு இடைவெளி அதில் விழவில்லை. ‘அப்படியே பழையபடி’ என்று ரசிக்கப்படும் படம் பல நேரங்களில் பழைய காலத்தில் இல்லாத படம்.

தமிழில் இந்த வழக்கு நீலகேசியில் நடக்கிறது. சமண நீலகேசி பௌத்த ஆசிரியர்களோடு வாதிட்டு, கணந்தோறும் எல்லாம் அழிகிறது என்ற கொள்கையை மறுக்கிறாள். சமணர் நிலைப்பாடு இரண்டு தரப்புக்கும் நடுவே வெட்டிய வழி. பொருள் திரவியமாக நிலைக்கிறது, பரியாயமாக மாறுகிறது. தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒரே பொருளில் ஒருங்கே உண்டு. பழைய விளையாட்டு பற்றிய குழப்பத்தைத் தீர்க்க இந்தப் பிரிவினைதான் உதவுகிறது. ஆனால் எது திரவியம், எது பரியாயம் என்று கோடு கிழிப்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. விதிகளே திரவியம், படம் வெறும் பரியாயம் என்று சொல்லத் தோன்றும். பாதி தூரம் வரைக்கும் அது சரி.

அந்தப் பாதி தூரத்தை அளக்க டூமிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆட்டத்தைப் பதிவு செய்ய அதில் டெமோ என்ற கோப்பு உண்டு. அதில் படம் எதுவும் இருக்காது. நொடியின் 35-இல் ஒரு பங்குக்கு நான்கு பைட் வீதம், ஆடுபவர் முன்பின்னாக எவ்வளவு நகர்ந்தார், பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது மட்டும் எழுதப்படும். நொடிக்கு 140 பைட். பத்து நிமிட ஆட்டம் 84,000 பைட்டில் அடங்கிவிடும். டெமோவை ஓட்டும்போது நிரல் அந்தக் கட்டளைகளைப் படித்து ஆட்டத்தையே மறுபடி ஆடுகிறது. அரக்கன் எந்தப் பக்கம் திரும்புவான், குண்டு எவ்வளவு சேதம் செய்யும் என்பதெல்லாம் குருட்டாம்போக்காகத் தோன்றினாலும், 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வரிசைப்படி எடுக்கப்படுபவை. ஒரு பதிப்பில் எங்காவது ஓர் எண் கூடுதலாக எடுக்கப்பட்டுவிட்டால் அதன்பின் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். அரக்கன் வேறு பக்கம் நடப்பான். பதிவான வீரன் யாருமில்லாத இடத்தில் சுடுவான், மூடிய கதவில் போய் முட்டிக்கொண்டு நிற்பான். இதை ஆட்டக்காரர்கள் டிசிங்க் ஆகிவிட்டது என்பார்கள்.

1994-இல் பதிவான ஒரு டெமோவை பிஆர்பூம்-பிளஸ் என்ற பதிப்பில் மிக உயர்ந்த தெளிவில் ஓட்டினால் அது கடைசி நொடிவரை பிசகாமல் ஓடும். அதே டெமோவை ஜிஇசட்டூமில் போட்டால், படத்தை 320-க்கு 200 ஆகக் குறைத்தாலும் ஓடாது. பார்வைக்குப் பழையதுபோல் இருப்பது ஒன்று, நடத்தையில் அதுவாகவே இருப்பது வேறொன்று. நெல்சன் குட்மன் 1968-இல் எழுதிய நூலில் கலைகளை இரண்டாகப் பிரித்தார். ஓவியத்தில் எவ்வளவு துல்லியமான நகலும் நகல்தான். இசையிலும் இலக்கியத்திலும் குறிமானத்தைச் சரியாகப் பின்பற்றினால் ஒவ்வொன்றும் அசல்தான். இசையில் ஒரே ஒரு சுரம் பிசகினாலும் வாசிக்கப்பட்டது அந்தப் படைப்பே அல்ல என்றும் அவர் அடித்துச் சொன்னார். இசைவாணர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்; சிரித்ததில் நியாயமும் உண்டு. ஆனால் டூமில் அந்தக் கறார் அப்படியே செல்லுபடியாகிறது. ஓர் எண் பிசகினால் ஆட்டம் வேறு ஆட்டம். இசையில் கேலிக்கு உள்ளான அளவுகோல் கணினி விளையாட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருப்பது வேடிக்கைதான்.

இந்தச் சோதனையில் தேறிய பதிப்பை அதே டூம் என்று ஏற்கலாம். ஆயினும் எல்லா விளையாட்டுக்கும் இப்படிக் கோடு கிழிக்க முடியாது. இயந்திரத்துக்குள்ளேயே தங்கள் உயிரை வைத்திருந்த விளையாட்டுகள் உண்டு. 1981-இன் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதற்காக எழுதப்பட்ட பல ஆட்டங்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் கணினியின் வேகத்தையே காலமாக எடுத்துக்கொண்டன. வேகமான கணினி வந்ததும் அவை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயின. கணினிப் பெட்டியின் முகப்பில் டர்போ பொத்தான் இருந்ததன் காரணங்களில் ஒன்று, தேவைப்படும்போது வேகத்தைக் குறைப்பது. இன்று அந்த வேலையை டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் செய்கிறது. இது அந்தக் காலத்தோடு ஒழிந்த கோளாறு அல்ல. 2011-இல் வந்த ஸ்கைரிம் நொடிக்கு 60 படத்தை வைத்துத் தன் இயற்பியலைக் கணக்கிட்டது. அந்த வரம்பைத் தாண்டவிட்டால் மேசைமேல் இருக்கும் தட்டும் கிண்ணமும் தாமாகவே பறக்கின்றன.

கோப்பில் இல்லவே இல்லாத நிறங்களும் உண்டு. ஐபிஎம் பிசி காலத்து சிஜிஏ கார்டு படம் வரையும்போது நல்ல மானிட்டரில் ஒரே நேரத்தில் நான்கு நிறமே காட்டும். அதே கார்டை அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு உரிய காம்போசிட் இணைப்பில் போட்டால், நெருக்கமான வெள்ளை, கறுப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து 16 நிறங்களாகத் தோன்றும். கிங்ஸ் குவெஸ்ட் போன்ற ஆட்டங்கள் இதை நம்பியே படம் போட்டன. துல்லியமான புதிய திரையில் அந்தக் கோப்பை அப்படியே காட்டினால் தெரிவது கோடுகளும் புள்ளிகளும்தான். கோப்பு சிதையவில்லை, ஒரு பைட்டும் மாறவில்லை. ஆனாலும் படம் காணாமல் போய்விட்டது. விளையாட்டு என்பது கோப்புதான் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதிய மறுப்பு.

படம் வெறும் பரியாயம் என்ற கருத்துக்கும் எல்லை இருக்கிறது. 2000-இல் வெளிவந்த டயாப்லோ 2, 640-க்கு 480 அளவில்தான் ஓடியது. மறு ஆண்டு வந்த விரிவாக்கம் 800-க்கு 600 வரை போனது. மேலிருந்து பார்க்கும் இத்தகைய ஆட்டத்தில் தெளிவைக் கூட்டினால் படம் கூர்மையாவதில்லை. கண்ணுக்கு எட்டும் நிலப்பரப்பு விரிகிறது. இருட்டிலிருந்து பாயவேண்டிய அரக்கன் பத்தடி முன்பாகவே தெரிந்துவிடுவான். 2021-இல் வந்த புதுப்பித்த பதிப்பை உருவாக்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் நேரடியாகவே வந்தது. பழைய விதிகளை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு, மேலே புதிய படத்தைப் போர்த்தினார்கள். மிக அகலமான திரையில் காட்சி 19:9-க்கு மேல் விரிந்தால், தொலைவில் நிற்கும் அரக்கர்கள் விழித்துக்கொள்வதே இல்லை. அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை. அவர்கள் எப்போது உயிர்பெற வேண்டும் என்ற விதி பழைய திரையின் எல்லையைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டிருந்தது. ஆகவே காட்சி அந்த அகலத்தோடு நிறுத்தப்பட்டது. இங்கே திரையின் அளவே விதிகளுள் ஒன்று. டூமில் உடையாக இருந்தது டயாப்லோவில் உடலாகிவிடுகிறது.

வரம்பே படைப்பாளி ஆகிவிடும் இடங்களும் உண்டு. 2004-இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆன்ட்ரியஸ் மூன்று நகரங்களும் அவற்றுக்கு நடுவே காடும் பாலைவனமும் கொண்ட ஒரு மாநிலத்தைக் காட்டியது. தொலைவை வரைய அன்றைய இயந்திரத்துக்கு வலு போதாததால் அடிவானத்தைப் புழுதி மூட்டம் மறைத்தது. ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது நெடும் பயணமாகப் பட்டது. 2021-இன் புதுப்பித்த பதிப்பில் அந்த மூட்டம் நீங்கியது. சிலியாட் மலை உச்சியில் நின்றவர்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே பார்வையில் அகப்பட்டது. ஒரு மாநிலமாக நம்பப்பட்டது ஒரு சிற்றூர் அளவே என்பது வெளிச்சமாகிவிட்டது. நிலத்தில் ஓரடியும் குறையவில்லை. ஆனால் மாநிலம் சுருங்கிவிட்டது.

இத்தகைய மாற்றங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று: படைத்தவர்களுக்கு அன்று இந்தக் கருவிகள் கிடைத்திருந்தால் அவர்களே இப்படித்தான் செய்திருப்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் நிற்காது. 4கே திரை கிடைத்திருந்தால் அவர்கள் டூமை 4கே-யில் வரைந்திருக்கமாட்டார்கள். வேறொரு விளையாட்டை உருவாக்கியிருப்பார்கள். டூமின் அரக்கர்களில் சில களிமண் உருவங்களைப் பல பக்கங்களிலிருந்து படமெடுத்துத் திருத்தியவை. எட்டுத் திசைக்கு எட்டுத் தட்டையான படங்கள். அவை ஏமாற்றுகின்றன என்பதை 320 பிக்சல் அகலம் மறைத்தது; அந்த மறைப்பை எண்ணித்தான் அவை அப்படி அமைக்கப்பட்டன. நோக்கம் என்பது கருவியைத் தொடாமல் தலைக்குள் தனியே இருந்ததல்ல. கையிலிருந்த கருவியோடு சேர்ந்தே அது உருவானது. கருவியை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு நோக்கத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்வது வெறும் ஊகம்.

எதிர்த்தரப்பின் பிடிவாதத்தையும் அப்படியே ஏற்க முடியாது. மூல இயந்திரத்தில், மூல மானிட்டரில் ஆடினால்தான் அது விளையாட்டு என்றால், சிஆர்டி குழாய்கள் ஒவ்வொன்றாக அணையும்போது இந்த விளையாட்டுகளும் செத்துப்போக வேண்டும். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலை ஏற்பதில்லை. அதனால் விளையாட்டு 32-பிட்டாக இருந்தும், அதை நிறுவும் நிரல் 16-பிட் என்பதாலேயே தடுக்கப்பட்ட பழைய ஆட்டங்கள் ஏராளம். சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்புப் பூட்டை விண்டோஸ் 10 கைவிட்டபோது, காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டுகளே ஓடாமல் போயின. இத்தனையையும் தாண்டி ஒரு விளையாட்டை ஓட வைப்பவர் ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

ஆகவே கோடு விளையாட்டுக்கு விளையாட்டு வேறு இடத்தில் விழும். ஆடுபவரின் ஒவ்வொரு அசைவுக்கும் ஆட்டம் அதே பதிலைத் தருகிறதா என்பது முதல் கேள்வி. அவர் முடிவெடுக்கும் கணத்தில் கண்ணுக்குத் தெரிந்தது அன்று தெரிந்ததுதானா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றால் படம் எத்தனை லட்சம் பிக்சலில் இருந்தாலும் அது பழைய விளையாட்டுதான். முதலாவது பொய்த்தால் அது வேறு விளையாட்டு. நல்ல விளையாட்டாகக்கூட இருக்கலாம். முதலாவது நின்று இரண்டாவது மட்டும் பொய்த்தால் அது உரையாசிரியரின் வேலையைப் போன்றது. மூலம் உள்ளே இருக்கிறது, ஆனால் இன்னொருவர் வாய்வழியே கேட்கிறது. அதில் தவறில்லை, மூலமும் கூடவே கிடைத்தால்.

இந்த நிபந்தனையை நிறைவேற்றுவது கடினமும் அல்ல. 2009-இல் புதுப்பிக்கப்பட்ட மங்கி ஐலண்டிலும், 2017-இன் ஸ்டார்கிராஃப்டிலும், 2021-இன் டயாப்லோ 2-இலும் ஒரே ஒரு விசையை அழுத்தினால் புதிய படம் விலகி அதே இடத்தில் பழைய படம் வந்து நிற்கும். சான் ஆன்ட்ரியஸை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனமோ 2021-இல் புதிய பதிப்பு வருவதற்கு முன்பாகவே பழைய பதிப்புகளை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. இங்கு நடந்த தவறு மூட்டத்தை நீக்கியதல்ல. மூட்டம் இருந்த பதிப்பையும் சேர்த்து நீக்கியதுதான். ஆட்டக்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பழைய கணினிப் பதிப்புகள் மீண்டும் அதன் கடைக்கு வந்தன.